நினைவகப் பெருக்கமும் கணினியின் விரைவும்: ஒரு வரலாற்று நோக்கு

மடிக்கணினியின் நினைவகத்தைப் பெருக்கினால் அதன் விரைவு உணரத்தக்க அளவிற் கூடுமா என்னும் வினாவை மாணவர் அடிக்கடி எழுப்புவதுண்டு. விற்போர் கூடும் என்பர். வாங்கிப் பூட்டியோருட் சிலர் இயந்திரம் புத்துயிர் பெற்றதென மகிழ்வர். வேறு சிலர் பணம் போனதன்றி மாற்றம் ஒன்றும் காணவில்லை என்பர். இக்கட்டுரையாளனும் பின்னைய கூட்டத்தைச் சேர்ந்தவனே. 8 கிகாபைற்று நினைவகமுடைய என் மடிக்கணினியில் மேலும் 8 கிகாபைற்றுத் துண்டொன்றைப் பூட்டி, அதனை இயக்கி, விரைவை எதிர்நோக்கி அமர்ந்திருந்தேன். முன்னர் எத்துணை நேரம் எடுத்ததோ அத்துணை நேரமே எடுத்தது. ஆயின், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனது 4 கிகாபைற்றுக் கணினி, நினைவகம் இருமடங்காக்கப்பட்டதும் வேறொரு கணினியோ என ஐயுறும் வண்ணம் இயங்கியதையும் இதே கண்களாற் கண்டேன்.

இரண்டும் மெய்யான அனுபவங்களே. இவற்றுள் ஒன்றைப் பொய்யென ஒதுக்குதல் ஆராய்ச்சி முறையாகாது. இரண்டும் ஒருங்கே உண்மையாவது எங்ஙனம் என்பதற்கு விடை, கணினி நினைவகத்தின் வரலாற்றிலே கிடக்கின்றது. அவ்வரலாற்றைப் புரட்டுவோர் முதலிற் காண்பது யாதெனில், இவ்வினா கணினியுடன் பிறந்ததன்று என்பதேயாம். கணினி தோன்றிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே இவ்வினா பொருளுடையதாயிற்று.

நினைவகத்திற் செய்நிரலைத் தேக்கி இயங்கிய முதல் இலத்திரனியற் கணினி இங்கிலாந்தின் மாஞ்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் 1948 ஆம் ஆண்டு யூன் மாதம் 21 ஆம் நாள் தன் முதற் செய்நிரலை நிறைவேற்றியது. பிறெடெரிக் வில்லியம்சும் ரொம் கில்பேணும் ஆக்கிய கதோட்டுக்கதிர்க் குழாயே அதன் நினைவகம். அக்குழாயின் முகப்பில் மின்னேற்றப் புள்ளிகளாகத் தேக்கப்பட்டவை 32 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் 32 துணுக்குகள் கொண்டது. ஆக, மொத்தம் 1,024 துணுக்குகள். அடுத்த ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள் கேம்பிறிட்ஜில் மோறிஸ் வில்க்ஸ் குழுவினரின் எட்சாக் கணினி இயங்கத் தொடங்கியது. அதிலே நீண்ட குழாய்களில் நிரப்பிய இரசத்தினூடே ஒலியலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வலைகளே நினைவு. ஓர் அலை குழாயின் மறுமுனையை அடைந்ததும் மீண்டும் தொடக்கத்திற்கு அனுப்பப்படும். மறவாதிருக்கும் பொருட்டு ஓயாது ஓதிக்கொண்டிருக்கும் மாணவனை இஃது ஒத்தது.

இக்காலத்தில் நினைவகம் போதாமை என்பது மெதுவாதலைக் குறிக்கவில்லை, இயலாமையைக் குறித்தது. 32 சொற்களுள் அடங்காத செய்நிரல் மாஞ்செஸ்ரரில் மெதுவாக ஓடியிருக்கும் என்பதன்று, அது ஓடியேயிராது. நினைவகத்தைப் பெருக்கியவர் பெற்ற பயன் விரைவு அன்று, புதிய ஆற்றல்.

பெரிய நினைவகம் வேண்டியோர் சுழலும் காந்த உருளையை நாடினர். 1954 முதல் வழங்கப்பட்ட ஐ.பீ.எம். 650 கணினியின் முதன்மை நினைவகமே 2,000 சொற்கள் கொண்ட உருளைதான். அது நிமிடத்திற்கு 12,500 முறை சுழன்றது. வேண்டிய சொல் வாசிப்புத் தலையின் கீழ் வரும்வரை கணினி வாளாவிருத்தல் வேண்டும். எனவே செய்நிரல் எழுதுவோர், ஓர் ஆணை நிறைவேறுவதற்குள் உருளை எவ்வளவு தூரம் சுழலும் என்று கணக்கிட்டு, அடுத்த ஆணையைச் சரியாக அவ்விடத்தில் எழுதிவைத்தனர். ஒரே நினைவகத்தில், ஒரே செய்நிரலை, இடமறிந்து எழுதியவன் விரைவாக ஓட்டினான். இடமறியாது எழுதியவன் மெதுவாக ஓட்டினான். விரைவென்பது நினைவகத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று என்பது அன்றே தெரிந்திருந்த செய்தி.

உருளையிலும் மிக விரைவானது காந்த வளைய நினைவகம். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜே பொறெஸ்ரர் குழுவினர் அதனை 1953 இல் வேள்வின்ட் கணினியிற் பொருத்தினர். ஆயின் மெல்லிய கம்பிகளிற் கோக்கப்பட்ட அச்சிறு வளையங்கள் விலையுயர்ந்தவை. ஆகவே கணினிகள் சிறிய வளைய நினைவகத்தையும் பெரிய உருளையையும் சேர்த்தே கொண்டிருந்தன. செய்நிரல் பெரிதாயின், அதனை எழுதுவோரே துண்டு துண்டாக்கி, எத்துண்டு எப்பொழுது உருளையிலிருந்து வளையத்திற்கு வரவேண்டும், எது திரும்பவேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே வகுத்தல் வேண்டும். இச்சலிப்பான பணி அவர்தம் உழைப்பிற் பெரும்பங்கை விழுங்கியது.

இச்சுமையை நீக்கியது மாஞ்செஸ்ரரின் அற்லஸ் கணினி. முதற் கணினியைச் செய்த அதே கில்பேணின் குழுவினரும் பெராண்டி நிறுவனத்தாரும் இணைந்து ஆக்கிய இது, 1962 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 7 ஆம் நாள் தொடக்கிவைக்கப்பட்டது. இதில் 16,384 சொற்களுக்கு வளைய நினைவகமும் 98,304 சொற்களுக்கு உருளையும் இருந்தன. செய்நிரல் எழுதுவோனுக்கோ இவை இரண்டும் ஒரே நினைவகமாகவே தோற்றின. எல்லாம் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டன. வேண்டிய பக்கம் வளையத்தில் இல்லையெனின், கணினி தானே அதனை உருளையிலிருந்து கொணர்ந்து, பயன்படாதெனத் தான் கருதிய வேறொரு பக்கத்தை உருளைக்கு அனுப்பியது. இன்று மெய்நிகர் நினைவகம் எனப்படுவது இதுவே. எம் மடிக்கணினிகள் யாவற்றிலும் இம்முறை இயங்குகின்றது.

எம் கல்லூரி நூலகத்தை எண்ணிப் பார்ப்பின் இது தெளிவாகும். வாசிக்கும் மேசையே வளைய நினைவகம். மேல்மாடி அலுமாரிகளே உருளை. மேசையில் இடமுள்ளவரை வாசிப்பு தடையின்றி நிகழும். இடம் நிரம்பியதும், புதிய நூலொன்று வேண்டின் ஒன்றைத் திருப்பி அனுப்பி மற்றதைக் கொணரல் வேண்டும். அற்லசுக்கு முன் அப்பணியை வாசிப்பவனே செய்தான்; அற்லசில் நூலகர் செய்தார்.

இக்கட்டுரையின் வினா பிறந்த இடம் இதுவே. அற்லஸ், போதாமையை இயலாமையிலிருந்து தாமதமாக மாற்றியது. அதன் பின்னரே நினைவகம் குறைந்த கணினியும் பெரிய வேலையைச் செய்தது, ஆனால் மெதுவாகச் செய்தது. எவ்வளவு மெதுவாக? வளைய நினைவகத்தை ஒருமுறை அணுக 2 மைக்குரோசெக்கன். உருளையிலிருந்து ஒரு பக்கத்தைத் தேட, சராசரியாக 6 மில்லிசெக்கன், அஃதாவது 6,000 மைக்குரோசெக்கன். இரண்டிற்குமுள்ள விகிதம் 3,000. மூவாயிரம் அணுகல்களுள் ஒன்றுமட்டும் உருளைக்குச் செல்லுமாயின், அவ்வொன்றிற்காகக் காத்திருக்கும் நேரம் ஏனைய யாவற்றிற்கும் செலவிட்ட நேரத்திற்கு ஈடாகும். கணினி வேறு வேலை செய்யாது காத்திருப்பின் விரைவு பாதியாகிவிடும். நினைவகத்தைச் சிறிது பெருக்கி அவ்வொன்றைத் தவிர்ப்பின் விரைவு இரட்டிக்கும். தவிர்க்கவேண்டிய பயணமே இல்லாத வேளையில் எவ்வளவு பெருக்கினும் ஒரு பயனுமில்லை.

இதனைக் கொள்கையாக நிறுவியவர் பீற்றர் டெனிங். 1968 இல் அவர் வெளியிட்ட இரு கட்டுரைகள் இத்துறையின் அடித்தளம் எனலாம். அக்காலத்தில், பலர் ஒரே கணினியை ஒரே நேரத்திற் பகிர்ந்து பயன்படுத்தும் முறை பரவியிருந்தது. பயன்படுத்துவோர் தொகை கூடக் கூட விரைவு படிப்படியாகக் குறையும் என எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. ஓர் எல்லைவரை யாவும் நன்கு நடந்து, ஒருவர் மேலதிகமாக வந்ததும் கணினி திடீரென நிலைகுலைந்தது. பக்கங்களை வெளியே அனுப்புவதும், அனுப்பியவற்றையே மறுகணம் கொணர்வதுமாக அல்லாடியதன்றி, கணிப்பு ஏதும் நடைபெறவில்லை. டெனிங் இதன் காரணத்தை விளக்கினார். ஒவ்வொரு செய்நிரலும் ஒரு காலப்பகுதியில் தன் பக்கங்கள் யாவற்றையும் தொடுவதில்லை. ஒரு சிறு தொகுதியையே திரும்பத் திரும்பத் தொடுகின்றது. அதனைத் தொழிற்படு தொகுதி என்போம். இயங்கும் செய்நிரல்கள் யாவற்றின் தொழிற்படு தொகுதிகளும் நினைவகத்துள் அடங்குமாயின் கணினி விரையும். அடங்காதாயின் அல்லாடும். நடுநிலை மிக ஒடுங்கியது.

மாணவனது கணினி அவ்வொடுங்கிய எல்லையின் அப்பால் நின்றது. என் கணினி இப்பால் நின்றது. அதனாலேயே ஒரே மருந்து ஒன்றைக் குணப்படுத்தி, மற்றதிற் பயனற்றுப் போயிற்று.

நினைவகத்தைப் பெருக்கினால் நன்மை இல்லாவிடினும் தீமையாவது நேராது என்று சொல்லத் தோன்றும். அதுவும் எக்காலத்தும் உண்மையன்று. ஐ.பீ.எம். நிறுவனத்தைச் சேர்ந்த லாஸ்லோ பெலாடி என்பவர் தம் தோழர் இருவருடன் 1969 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு, அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. மாணவர் தாமே தாளில் எழுதிச் சரிபார்க்கத்தக்கது அது. மேசையில் மூன்று நூல்களுக்கு இடமுண்டு. இடம் போதாதபோது முதலில் வந்த நூல் முதலிற் போகும் என்பது விதி. 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கில் நூல்கள் வேண்டப்படின், நூலகர் 9 முறை அலுமாரிக்குச் செல்வார். மேசையைப் பெரிதாக்கி நான்கு நூல்களுக்கு இடம் கொடுப்பின் அவர் 10 முறை செல்லவேண்டியதாகும்! இடம் கூடியது, வேலையும் கூடியது. குற்றம் மேசையினதன்று, முதலில் வந்ததை முதலில் அகற்றும் விதியினது. நீண்ட நேரம் தீண்டப்படாததை அகற்றும் விதியைக் கைக்கொண்டால் இவ்விபரீதம் நேராது. இன்றைய பணிசெயல் முறைமைகள் அவ்விதியை ஒட்டிய வழிகளைப் பின்பற்றுவதால் எம்மவர் அஞ்சவேண்டியதில்லை.

வளையங்களின் காலம் 1970 உடன் மங்கலாயிற்று. ஐ.பீ.எம். நிறுவனத்தின் றொபேட் டெனார்ட், ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் கொண்டு ஒரு துணுக்கைத் தேக்கும் முறைக்கு 1968 இற் காப்புரிமை பெற்றார். இன்ரெல் நிறுவனம் 1970 இல் 1,024 துணுக்குகள் கொண்ட சில்லொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. மாஞ்செஸ்ரரின் கதோட்டுக் குழாய் தாங்கிய அதே அளவு, இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு சில்லினுள் அடங்கிற்று. 1981 இல் வெளிவந்த ஐ.பீ.எம். தனிமனிதக் கணினி 16 கிலோபைற்று நினைவகத்துடனும் விற்கப்பட்டது.

பொதுமக்கள் இவ்வினாவைத் தம் சொந்தப் பணத்துடன் எதிர்கொண்ட காலம் 1995 எனலாம். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் வெளிவந்த விண்டோஸ் 95 முறைமைக்குக் குறைந்தது 4 மெகாபைற்று வேண்டும் என அறிவிக்கப்பட்டது, விரும்பத்தக்கது 8. ஒரு மெகாபைற்றின் விலையோ ஏறத்தாழ 30 அமெரிக்க டொலர். நான்கை எட்டாக்கியோர் பெரும்பயன் கண்டனர். பணம் இல்லாதோரின் ஏக்கத்தைச் சிலர் வணிகமாக்கினர். சொவ்ற்றாம் 95 என்னும் மென்பொருள், நினைவகத்திலுள்ள தரவுகளைச் சுருக்கி அதனை இருமடங்காக்கும் எனக் கூறி விற்கப்பட்டது. வல்லுநர் பிரித்து ஆராய்ந்தபோது அது விண்டோஸ் 95 இல் எதையும் சுருக்கவில்லை என்பது வெளியாயிற்று. 1996 இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு தலையிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: அம்மோசடி பொய்யாக வாக்களித்த அதே உத்தி, 2013 இல் அப்பிள் கணினிகளிலும் 2015 இல் விண்டோஸ் 10 இலும் மெய்யாகவே சேர்க்கப்பட்டு, இன்று அமைதியாகப் பணியாற்றுகின்றது.

அதே 1995 இல் சுவிற்சர்லாந்து அறிஞர் நிக்லவுஸ் வேர்த் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் விரைவடைவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகின்றது என்னும் கருத்தை, மார்ட்டின் றைசர் என்பார் கூறியதாக அதில் எடுத்துக்காட்டினார். பின்வந்த காலம் அவருக்குச் சான்றாகவே நின்றது. 2001 இன் விண்டோஸ் எக்ஸ்பீக்குக் குறைந்தது 64 மெகாபைற்று. 2021 இன் விண்டோஸ் 11 இற்கு 4 கிகாபைற்று. விண்டோஸ் 95 இலிருந்து இருபத்தாறு ஆண்டுகளில் 1,024 மடங்கு. மேசை பெருக்கப்படுந்தோறும் நூல்களும் தடித்துக்கொண்டே வந்தன. பழைய கணினி மெதுவாயிற்று என்போர், பல வேளைகளில், வேலை பெரிதாயிற்று என்றே சொல்லல் வேண்டும்.

இனி, நினைவகப் பெருக்கத்தின் பெரும்புகழுக்கு மற்றொரு காரணத்தையும் நோக்குவோம். அற்லசில் நினைவகத்திற்கும் உருளைக்கும் இடைப்பட்ட விகிதம் 3,000 என்றோம். அதன் பின்னர் சில்லுகள் பல மடங்கு விரைந்தன. சுழலும் வன்றட்டோ அதற்கீடாக விரையவில்லை. உலோகத்தட்டு சுழலவும் வாசிப்புத் தலை அசையவும் வேண்டியிருந்தமையே காரணம். நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் மடிக்கணினி வன்றட்டு, அரைச் சுற்றுக்கே 5.6 மில்லிசெக்கன் எடுக்கும். தலை அசையும் நேரமும் சேரின் 10 மில்லிசெக்கனைத் தாண்டும். நினைவகத்தை அணுகவோ 100 நனோசெக்கன் அளவே. எனவே விகிதம் ஓர் இலட்சமாகப் பெருகிற்று. அற்லசிலும் முப்பது மடங்கு கொடிய தண்டனை! வன்றட்டுக் காலத்தில் நினைவகம் பெருக்கியோர் அதனை அற்புதமெனப் போற்றியதில் வியப்பில்லை.

பின்னர் வந்த திண்மநிலைத் தேக்ககத்தில் சுழல்வது எதுவுமில்லை. அதன் அணுகல் நேரம் 100 மைக்குரோசெக்கன் அளவினது. விகிதம் ஆயிரத்திற்கு இறங்கிற்று. அற்லசின் காலத்து விகிதத்திற்கும் கீழே வந்துவிட்டோம். இதனால் இன்றைய கணினியில் நினைவகம் சிறிது போதாதிருப்பினும் தண்டனை முன்போற் கடியதன்று. பயன்படுத்துவோன் ஒரு தயக்கத்தையே உணர்வான். சுழலும் வன்றட்டுடைய பழைய மடிக்கணினியை வைத்திருப்போர் ஒன்றைத்தான் மாற்றலாம் எனின், நினைவகத்திற்கு முன் வன்றட்டை மாற்றுவதே பெரும்பாலும் சிறந்ததென்பது என் துணிபு. கணினியை இயக்கித் தொடங்குவதற்கும் செய்நிரலை முதன்முறை திறப்பதற்கும் தேக்ககத்தின் விரைவே வேண்டப்படும். என் கணினியின் முன் யான் காத்திருந்தது அத்தகைய வேளையிலே. எதிர்பார்த்த இடமே பிழை.

இரு துணைக் காரணங்களையும் சுருங்கக் கூறுவோம். ஒரே துண்டுக்குப் பதிலாக இரண்டு துண்டுகளைப் பூட்டின், பல கணினிகளில் முறைவழியாக்கி இரண்டையும் ஒருங்கே அணுகும். படங்களை வரையும் பகுதி தனி நினைவகமின்றி முதன்மை நினைவகத்தையே பகிரும் மடிக்கணினிகளில் இதன் பயன் விளையாட்டுகளில் தெரியும். கட்டுரை எழுதுவோனுக்குத் தெரியாது. அன்றியும், பணிசெயல் முறைமை வெறுமையாயுள்ள நினைவகத்தை வீணே விடாது, அண்மையில் வாசித்த கோப்புகளை அதில் வைத்திருக்கும். ஆதலால், நினைவகம் நிரம்பியிருக்கின்றது என்னும் அறிவிப்பை மட்டும் கண்டு போதாமையென முடிவுகட்டுதல் தவறு. வழமையான வேலைகளை எல்லாம் திறந்துவைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறும்போது தேக்ககம் ஓயாது உழைக்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். உழைக்குமாயின் டெனிங் கூறிய எல்லையைக் கடந்துவிட்டோம்.

இச்சோதனை வாங்கிய பின்னர் செய்யத்தக்கது. வருத்தத்திற்குரிய செய்தி யாதெனில், மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இன்று நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றாசு வைத்து ஒட்டப்பட்டுள்ளது, பின்னர் பெருக்கவியலாது. கழற்றிப் பூட்டத்தக்க மெல்லிய நினைவகத் துண்டுக்குரிய நியமம் ஒன்று 2023 இல் வெளியிடப்பட்டபோதிலும் அது பரவலாகவில்லை. 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்கள் சில்லுகளை வாங்கிக் குவித்தமையால் நினைவகத்தின் விலையும் சடுதியாக ஏறியது. பிள்ளையின் படிப்புக்கென ஒருமுறையே பணம் ஒதுக்கவியலும் பெற்றோர், நான்கு ஆண்டுகளின் பின் மென்பொருள் எவ்வளவு தடிக்கும் என்பதைக் கடையில் நின்றவாறே ஊகிக்க வேண்டியவராகின்றனர்.

முதலிற் குறித்த மாணவனது கணினியில் நினைவகம் ஒட்டப்பட்டிருக்கவில்லை. இணையப் பாடங்களையும், அவற்றின் குறிப்பேட்டையும், வினாத்தாள்களையும் ஒருங்கே திறந்ததும் அவனது சுழலும் வன்றட்டு இரைச்சலிட்டது. பக்கம் மாற அரை நிமிடம் எடுத்தது. என் கணினியின் வேலைகள் யாவும் 5 கிகாபைற்றைத் தாண்டியதில்லை என்பதையும் இதற்குள் அறிந்திருந்தேன். இரு கணினிகளும் ஒரே வகைத் துண்டை ஏற்பன. ஒரு சனிக்கிழமை மாலை, என்னிடத்தில் வேலையற்றுக் கிடந்த 8 கிகாபைற்றுத் துண்டைக் கழற்றி, அவனுடைய 4 கிகாபைற்றுத் துண்டு இருந்த இடத்திற் பூட்டினோம்.